பழைய மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் 22: எது ஓடும், எது இழுத்தடிக்கும்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். விண்டோஸ் 11 ஏற்காத, 4 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினி வீட்டில் சும்மா கிடந்தால், விண்டோசுக்கு மாற்றான லினக்ஸ் மின்ட் 22 இயங்குதளத்தின் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு அதை மறுபடி வேலைக்கு எடுக்கும். பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2029 ஏப்ரல் வரை வரும், காசும் கிடையாது. ஆனால் இரண்டு வேலையைத் தட்டிக்கழிக்க முடியாது. பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத, வேகமான டிஸ்க்) மாட்ட வேண்டும். தமிழ்த் தட்டச்சுக்கும் பிரிண்டருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தை ஒதுக்க வேண்டும். மின்ட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு "லினக்ஸ்னாலே இப்படித்தான்" என்று விண்டோசுக்குத் திரும்புகிறவர்களில் பாதிப் பேர் இந்த இரண்டில் ஒன்றில்தான் வழுக்கியிருப்பார்கள்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் பெரும்பாலானவை இந்த வாசலைத் தாண்டாது. ஆரம்ப ஆண்டுகளில் கொடுத்தவற்றில் விண்டோசோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் சேர்ந்தே வந்தது. அதை ஒரு தடவையாவது திறந்து பார்த்த வீடு எத்தனை இருக்கும் என்பது வேறு விஷயம்.

மின்ட் 22 வெளிவந்தது 2024 ஜூலையில். அடித்தளம் உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸ். சினமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று முகம் (டெஸ்க்டாப் தோற்றம்) அதற்கு. சினமன்தான் பார்க்க அழகு, ஆனால் சும்மா நிற்கும்போதே ஒரு ஜிபிக்கு மேல் ரேம் எடுத்துக்கொள்ளும். எக்ஸ்எஃப்சிஇ 700 முதல் 900 எம்பிக்குள் நிற்கும். 4 ஜிபி கணினியில் இந்த வித்தியாசம் பிரவுசரில் நான்கைந்து டேபுக்குச் சமம். 8 ஜிபி இருந்தால் யோசிக்காமல் சினமன் போடுங்கள். மாட்டே இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதைத் தேர்ந்தெடுக்கத் தனிக் காரணம் எதுவும் தோன்றவில்லை. 32 பிட் மட்டும் ஓடும் பழைய நெட்புக்குகளுக்கு மின்ட் 20 முதலே கதவு சாத்தியாகிவிட்டது.

முதலில் ஸ்குரூ டிரைவர்

சுழலும் ஹார்ட் டிஸ்கில் மின்ட் ஓடும், ஆனால் ஓடுவது தெரியாது. ரேம் நிரம்பியதும் கணினி மிச்சத்தை டிஸ்கில் உள்ள ஸ்வாப் கோப்புக்குத் தள்ளும். அந்த டிஸ்கில் முள் அங்குமிங்கும் ஓடித்தான் படிக்க வேண்டும். அந்த நேரத்தில் மவுஸ் உறையும், பிரவுசர் சாம்பல் நிறமாகும், பார்ப்பவர் பவர் பட்டனை அழுத்திவிடுவார். எஸ்எஸ்டியில் அதே ஸ்வாப் அரை நொடித் தயக்கத்தோடு முடிந்துவிடும். ஆக, மென்பொருளை மாற்றுவதற்கு முன் மாற்ற வேண்டியது இதுதான்.

வாங்க வேண்டியது 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 7 மிமீ கனம். பழைய டிஸ்க் 9.5 மிமீ கனத்தில் இருந்தால் புதியது கூட்டுக்குள் ஆடும். எஸ்எஸ்டியோடு வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டினால் சரியாகிவிடும். சட்டம் இல்லையென்றால் மடித்த அட்டைத் துண்டு போதும். 256 ஜிபி நிம்மதியான அளவு. 120 ஜிபியிலும் முடியும், ஆனால் பின்னால் வரும் டைம்ஷிஃப்ட் என்ற மீட்புக் கருவி அதை மெல்ல மெல்லத் தின்னும். கழற்றும்போது பேட்டரியை முதலில் எடுங்கள். பேட்டரி உள்ளே இருக்கும் மாடல் என்றால், பின்மூடியைத் திறந்ததும் அதன் கனெக்டரைத்தான் முதலில் பிடுங்க வேண்டும்.

ரேம் கூட்டுவதென்றால் பழைய சில்லின் ஸ்டிக்கரைப் படியுங்கள். பிசி3எல் என்று இருந்தால் அது 1.35 வோல்ட் டிடிஆர்3எல். வெறும் பிசி3 என்றால் 1.5 வோல்ட். எல் வகை கேட்கும் பலகையில் 1.5 வோல்ட் சில்லைச் செருகினால் பெரும்பாலும் திரையே வராது. பழுதாகிவிட்டது என்று பயந்து கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். சில்லை மாற்றினால் போதும்.

இறக்குவதும் எழுதுவதும்

மின்ட்டின் நிறுவல் கோப்பான ஐஎஸ்ஓ ஏறக்குறைய 2.8 ஜிபி. கைபேசி ஹாட்ஸ்பாட்டில் இறக்குகிறவர்களின் தினசரி 1.5 ஜிபியோ 2 ஜிபியோ பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். பிரவுசரில் விட்ட இடத்திலிருந்து தொடர்வது நிச்சயமில்லை. மின்ட் தளத்தில் டாரன்ட் இணைப்பும் இருக்கிறது. அதை எடுத்தால் இரண்டு நாளில் பிரித்துப் பிரித்து இறக்கலாம், கோப்பும் பழுதில்லாமல் வரும்.

இறங்கியதும் ஷா-256 சரிபார்ப்பைத் தாண்டிப் போகாதீர்கள். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கூட்டுத்தொகை எண், தளம் சொல்லும் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் அது. 2016 பிப்ரவரி 20 அன்று மின்ட் தளத்துக்குள்ளேயே ஊடுருவி, 17.3 சினமன் ஐஎஸ்ஓவுக்கான இணைப்பைப் பின்கதவு வைத்த கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். அன்று அதை இறக்கியவர்களில், மாற்றப்படாத அசல் கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டவர்களுக்குத்தான் வித்தியாசம் தெரிந்திருக்கும். விண்டோசில் செவன்-ஜிப் நிறுவியிருந்தால் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து, சிஆர்சி மெனுவில் ஷா-256 தேர்ந்தெடுத்தால் எண் வரும். தளத்தில் போட்டிருக்கும் எண்ணின் முதல் ஆறு எழுத்தையும் கடைசி ஆறையும் ஒப்பிட்டால், இறக்கம் பழுதா என்பது தெரியும். வீம்புக்காரர்கள் முழுவதையும் ஒப்பிடலாம், தப்பில்லை.

4 ஜிபி பென்டிரைவ் போதும், ஆனால் அதிலுள்ள எல்லாமே அழியும். ஐஎஸ்ஓவை அதில் எழுத விண்டோசில் ரூஃபஸ், மற்ற இடங்களில் பலீனா எட்சர். பென்டிரைவிலிருந்து துவக்கச் சொல்லும் பூட் மெனுவுக்கு டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9, ஏசுசில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் பயாசுக்குள் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) போய் அந்த மெனுவை முதலில் இயக்கிவிட வேண்டும். பென்டிரைவ் மெனுவில் வரவே இல்லையென்றால் நீல நிறப் போர்ட்டை விட்டுவிட்டுக் கறுப்பு யூஎஸ்பி 2 போர்ட்டில் செருகிப் பாருங்கள்.

பென்டிரைவிலிருந்து அப்படியே ஓடும் லைவ் முறைதான் மின்ட்டின் பெரிய வசதி. அதில் வேகத்தைப் பார்க்காதீர்கள், பென்டிரைவ் வேகம்தான் தெரியும். பார்க்க வேண்டியவை வேறு: வைஃபை பட்டியல் வருகிறதா, ஒலி வருகிறதா, திரை வெளிச்சம் கூடிக் குறைகிறதா, கேமரா திறக்கிறதா. முக்கியமாக, மூடியை மூடிப் பத்து நிமிடம் கழித்துத் திறந்தால் எழுந்திருக்கிறதா. தூங்கி எழாத மடிக்கணினி லினக்சில் இன்றும் உண்டு. நிறுவுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. ஆரம்பத்திலேயே கறுப்புத் திரை வந்தால், மெனுவில் இரண்டாவதாக உள்ள கம்பேட்டிபிலிட்டி மோடில் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவர்தான் சிக்கல்.

நிறுவும்போது மாட்டிக்கொள்ளும் இடங்கள்

நிறுவி கேட்கும் கேள்விகள் குறைவு. மல்டிமீடியா கோடெக்குகளை நிறுவவா என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். போடாவிட்டால் சில வீடியோக்கள் ஓடாமல் பின்னால் தேட வேண்டியிருக்கும். டிஸ்கையே காணவில்லை என்று நிறுவி சொன்னால், பயாசில் சாட்டா முறை இன்டெல் ஆர்எஸ்டி அல்லது ரெய்டு என்று இருக்கிறது என்று அர்த்தம். அதை ஏஎச்சிஐக்கு மாற்ற வேண்டும். அதே டிஸ்கில் விண்டோஸ் இருந்து, அதைத் தயார் செய்யாமல் மாற்றினால் விண்டோஸ் நீலத்திரை காட்டும்.

விண்டோசையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறவர்கள் முதலில் பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டை அணைக்க வேண்டும். அடுத்து கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக்கை எடுங்கள். அது இருக்கும் வரை விண்டோசை ஷட்டவுன் செய்தாலும் உண்மையில் அது பாதித் தூக்கத்தில்தான் கிடக்கும். மின்ட் அந்த டிரைவைத் திறக்கும்போது படிக்க மட்டும்தான் விடும், ஒரு கோப்பைக்கூட எழுத முடியாது. "மின்ட்டில் டி டிரைவ் லாக் ஆகிவிட்டது" என்ற புலம்பல்களில் பாதிக்கு மேல் இதுதான்.

இரண்டையும் மாற்றி மாற்றித் திறப்பவர்களுக்குக் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போவதும் நடக்கும். மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பது உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் எடுத்துக்கொள்ளும், உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். மின்ட் எழுதி வைத்த நேரத்தை விண்டோஸ் அப்படியே நம்பிவிடுகிறது. மின்ட் டெர்மினலில் ஒரே கட்டளையில் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிடலாம். பேட்டரி செத்துவிட்டதோ என்று சிமோஸ் செல்லை மாற்றத் தேவையில்லை.

வைஃபை பற்றி இரண்டு வார்த்தை. 2013-15 காலத்து மடிக்கணினிகளில் பிராட்காம் 43142 சில்லு நிறைய. அதற்கான டிரைவர் திறந்த மூலம் அல்ல. டிரைவர் மேனேஜரில் தேர்ந்தெடுத்து நிறுவ வேண்டும். நிறுவ இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும் என்ற வட்டத்தில் சிக்குவார்கள். வெளியே வர எளிய வழி, கைபேசியை யூஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங்கை இயக்குவது. மின்ட் அதைக் கம்பி இணைப்பாக எடுத்துக்கொள்ளும், டிரைவர் எதுவும் கேட்காது. செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருளைத் துவக்கத்தில் தடுக்கும் வசதி) இயக்கத்தில் இருந்தால், நிறுவும்போது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். மறுதுவக்கத்தில் நீலத்திரையில் ஒரு மெனு வரும். அதில் என்ரோல் மோக் என்பதைத் தேர்ந்தெடுத்து அந்தக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். அவசரத்தில் என்டர் தட்டி அதைத் தாண்டிவிட்டால் டிரைவர் நிறுவியும் வேலை செய்யாது. ரியல்டெக் 8723பிஇ சில்லு என்றால் வைஃபை கிடைக்கும், ஆனால் ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கிடைக்கும். அதில் ஆன்டெனா இணைத்திருக்கும் முனை ஒன்று, டிரைவர் தேடும் முனை வேறொன்று. டிரைவர் அமைப்பில் ஆன்டெனா எண்ணை 1 அல்லது 2 என்று மாற்றினால் சிக்னல் சட்டென்று ஏறும்.

தமிழ்: வாசிக்க உடனே, எழுதக் கொஞ்சம் பொறுத்து

தமிழ் வாசிப்பதில் குறையே இல்லை. முதல் துவக்கத்திலேயே நோட்டோ எழுத்துருவில் தமிழ் சரியாகத் தெரியும். இன்னும் வேண்டுமென்றால் லோகித் தமிழ், சம்யக், மீரா இனிமை மூன்றும் மின்ட்டின் மென்பொருள் களஞ்சியத்திலேயே உள்ளன. எழுதுவதற்குத்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். இந்த இடத்தில் மின்ட்டுக்கு மதிப்பெண்ணைக் குறைக்கத்தான் வேண்டும். 2024-இல் வந்த ஓர் இயங்குதளத்தில் தமிழ் உள்ளீடு ஒரே கிளிக்கில் வந்திருக்க வேண்டும்.

கீபோர்டு அமைப்பில் போய்த் தமிழ் லேஅவுட்டைச் சேர்ப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அந்த வழியில் ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்றுதான் விழும். முந்தைய எழுத்தைப் பார்த்துத் தானாகப் புள்ளி வைக்கும் தமிழ்99 விசைப்பலகையின் விதிகள் அதில் நடக்காது. சரியான வழி இது. சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பைத் தேடி நிறுவுங்கள். மெனுவில் இன்புட் மெத்தட் என்பதைத் திறந்து ஐபசைத் தேர்ந்தெடுங்கள். லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். இதைச் செய்யாமல் மேலே போனால் எதுவும் நடக்காது. பிறகு ஐபஸ் பிரிஃபரன்சசில் இன்புட் மெத்தட் டேபில் ஆட் தட்டித் தமிழைத் தேடுங்கள். தமிழ்99, போனெடிக், இன்ஸ்கிரிப்ட், டைப்ரைட்டர் எல்லாம் வரிசையாக வரும். மொழி மாற்ற விண்டோஸ் விசையும் ஸ்பேசும்.

தமிழ்99 பழகாதவர்களுக்கு அது ஏன் வேகம் என்று ஒரு சொல்லில் காட்டலாம். "அம்மா" என்று எழுத ஏ, கே, கே, கியூ என்று நான்கே விசை. ஏ என்பது அ, கே என்பது ம. ம இரண்டு தடவை விழுந்ததும் முதல் ம தானாகவே ம் ஆகிறது. கியூ ஆகாரத்தைச் சேர்க்கிறது. "அந்த" என்பதற்கு மூன்று விசைதான்: ஏ, அரைப்புள்ளி, எல். ந-வுக்குப் பின் த வந்தால் புள்ளி தானே விழும். புள்ளி வேண்டாத இடமும் உண்டு. "மமதை" என்று எழுதப் போனால் "ம்மதை" என்று வந்து நிற்கும். இரண்டு ம-வுக்கும் நடுவில் அ-வை, அதாவது ஏ விசையை ஒரு தட்டுத் தட்டினால் சரியாகிவிடும். சென்னையில் 1999-இல் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த இந்த விசைப்பலகை இன்றும் தமிழ் தட்டச்சுக்கு இருப்பதிலேயே சிக்கனமானது.

போனெடிக்கில் எழுதுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கைபேசி விசைப்பலகை போல இது சொல்லை ஊகித்துத் தராது. தட்டியதற்கு என்ன எழுத்தோ அதுதான் விழும். ன, ந, ண மூன்றுக்கும் வெவ்வேறு விசை. இரண்டு நாள் எரிச்சல் நிச்சயம்.

ஐபசில் சில செயலிகளில் கடைசி எழுத்து அடிக்கோட்டோடு தொங்கிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் மவுசால் வேறு இடத்தில் கிளிக் செய்தால் அது காணாமல் போவதுண்டு. ஸ்பேஸ் தட்டிவிட்டு நகர்வதே பழக்கமாக வேண்டும். மின்ட்டின் களஞ்சியத்துக்கு வெளியிலிருந்து வரும் ஃப்ளாட்பேக், ஆப்இமேஜ் வடிவில் நிறுவிய சில செயலிகளில் தமிழே விழாது. அதே செயலி களஞ்சியத்தில் சாதாரணத் தொகுப்பாக இருந்தால் அதைப் போடுங்கள்.

அடுத்து லிப்ரே ஆஃபிஸ். எழுத்துருவை மாற்றினாலும் தமிழ் மட்டும் மாறவில்லை, அளவு 12 என்று வைத்தாலும் தமிழ் மட்டும் சிறிதாக நிற்கிறது என்ற குழப்பம் இங்கேதான். லிப்ரே ஆஃபிஸ் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துரு, தமிழுக்கு வேறோர் எழுத்துரு என்று இரண்டு கணக்கு வைத்திருக்கிறது. தமிழ் சிடிஎல் என்ற கணக்கில் வரும். டூல்சில் ஆப்ஷன்ஸ் திறந்து, மொழி அமைப்பில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டில் டிக் போட்டுத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ரைட்டருக்குக் கீழே பேசிக் ஃபான்ட்ஸ் சிடிஎல் என்ற பக்கத்தில் எழுத்துருவையும் அளவையும் வையுங்கள். ஒரே தடவை செய்தால் போதும்.

விண்டோசிலிருந்து வரும் கோப்புகளில் லதா, நிர்மலா எழுத்துருக்கள் இருக்கும். அவை மின்ட்டில் இல்லாததால் வேறொன்றைப் போட்டு நிரப்பும். எழுத்து தெரியும், ஆனால் நான்கு பக்கம் ஐந்தாகிவிடும். விண்ணப்பப் படிவம் போல பக்கக் கணக்கு முக்கியமானதை பிடிஎஃப்பாக வாங்கிக்கொள்வதே நல்லது. யூனிகோடுக்கு முந்தைய பாமினி, வானவில் எழுத்துருக் காலத்துக் கோப்புகள் வேறு ரகம். அவற்றில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக்குறிகள். அவற்றுக்குத் தமிழ் முகமூடி போடுவது எழுத்துருதான். அந்த எழுத்துருக் கோப்பை டபுள் கிளிக் செய்து நிறுவினால் படிக்கலாம், அச்சிடலாம். யூனிகோடாக்க வேண்டுமென்றால் பிரவுசரில் ஓடும் மாற்றி எதையாவது நாடுங்கள். தமிழ்த் தட்டச்சு மென்பொருளான என்எச்எம் ரைட்டர் விண்டோசுக்கு மட்டும்தான், இங்கே அதைத் தேடி நேரத்தை விரயமாக்க வேண்டாம்.

இடைமுகத்தையே தமிழாக்கலாம். லாங்வேஜசில் தமிழைச் சேர்த்தால் மெனுக்கள் மாறும். ஆனால் பாதி தமிழ், பாதி ஆங்கிலம் என்று கலந்து வரும். மொழிபெயர்ப்புச் சொற்களும் இடத்துக்கு இடம் வேறு. உதவி தேடும்போது ஆங்கில மெனுப் பெயர் தெரியாமல் தடுமாறுவதைவிட, மெனு ஆங்கிலத்தில் இருப்பதே வசதி.

பிரிண்டர்

இது வாங்கிய பிரிண்டரைப் பொறுத்த விதி. வைஃபை உள்ள புதிய பிரிண்டர்கள் பெரும்பாலும் டிரைவர் எதுவும் இல்லாமலேயே தானாகப் பட்டியலில் வந்துவிடும். எப்சனின் எல் வரிசை இங்க் டேங்குகளுக்கு எஸ்கேப்-ஆர் டிரைவர் களஞ்சியத்தில் இருக்கிறது. அச்சு நன்றாக வரும். ஸ்கேனுக்கு எப்சன் ஸ்கேன் 2 என்ற மென்பொருளை எப்சன் தளத்திலிருந்து தனியாக எடுக்க வேண்டும்.

ஜெராக்ஸ் கடையிலும் அலுவலகத்திலும் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் எச்பி லேசர்ஜெட் 1020, பி1007, பி1008 மூன்றும் ஒரே ஜாதி. அவற்றின் உள்ளே ஃபர்ம்வேர் (பிரிண்டரை இயக்கும் உள் மென்பொருள்) நிரந்தரமாக இல்லை. மின்சாரம் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் கணினிதான் அதை அனுப்ப வேண்டும். எச்பிளிப் என்ற எச்பி டிரைவர் தொகுப்பு மின்ட்டிலேயே இருந்தாலும், அந்த ஃபர்ம்வேர் எச்பியின் தனியுரிமைச் செருகுநிரலில்தான் இருக்கிறது. அதனால்தான் பிரிண்டர் பட்டியலில் தெரியும், வேலை போய்விட்டது என்று கணினி சொல்லும், காகிதம் மட்டும் நகராது. எச்பி டூல்பாக்சைத் திறந்து பிரிண்டரைச் சேர்த்தால் செருகுநிரலை இறக்கவா என்று கேட்கும், ஒப்புக்கொள்ளுங்கள். எச்பிளிப் பதிப்பு மாறினால் செருகுநிரலும் அதே பதிப்பாக இருக்க வேண்டும். நேற்று வரை ஓடிய பிரிண்டர் புதுப்பிப்புக்குப் பிறகு ஊமையானால் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

கேனன் எல்பிபி 2900 வைத்திருப்பவர்களுக்கு ஆறுதல் சொல்ல முடியாது. அது கேப்ட் என்ற கேனனின் சொந்த மொழியில்தான் பேசும். கேனன் கொடுத்த லினக்ஸ் டிரைவர் பின்னணியில் ஒரு தனிச் சேவையை ஓட்டுகிறது. அது சில நாள் எழும், சில நாள் எழாது. ஆர்வலர்கள் பிரித்தாராய்ந்து எழுதிய கேப்ட்டிரைவர் என்ற திறந்த மூல மாற்று இருக்கிறது, ஆனால் அதை நீங்களே தொகுத்து நிறுவ வேண்டும். தினமும் பத்துப் பக்கம் அச்சிடும் வீடு என்றால், இந்தப் பிரிண்டருக்காக மட்டும் ஒரு விண்டோஸ் கணினியை ஒதுக்கி வைப்பது மன நிம்மதி.

டைம்ஷிஃப்ட், புதுப்பிப்பு

மின்ட்டில் பாராட்டியே ஆக வேண்டியது டைம்ஷிஃப்ட். புதுப்பிப்பு எதையாவது கெடுத்தால் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். கணினி துவங்கவே இல்லையென்றாலும் அதே நிறுவல் பென்டிரைவிலிருந்து துவக்கி, டைம்ஷிஃப்டைத் திறந்து மீட்கலாம். முதல் நாளே அமைத்துவிடுங்கள்: ஆர்சிங்க் முறை, தினம் ஒன்று, மூன்று பிரதி. வார, மாதப் பிரதிகளையும் டிக் செய்து விட்டுவிட்டால் சிறிய எஸ்எஸ்டி ஒரு நாள் திடீரென்று நிரம்பி, உள்ளே நுழையக்கூட விடாது.

இரண்டு விஷயம் மனதில் இருக்கட்டும். டைம்ஷிஃப்ட் கணினியின் கோப்புகளைத்தான் காப்பாற்றும். உங்கள் ஹோம் அடைவை இயல்பாகவே விட்டுவிடும். கல்யாணப் படமும் சான்றிதழ் ஸ்கேனும் அதில் இல்லை. அவற்றுக்கு மெனுவிலுள்ள பேக்கப் டூல் வேறு. இன்னொன்று, வெளி டிஸ்கில் பிரதி வைக்க நினைத்தால் அந்த டிஸ்க் பட்டியலிலேயே வராது. கடையில் வாங்கிய வெளி டிஸ்க் பெரும்பாலும் விண்டோஸ் வடிவில் இருக்கும். டைம்ஷிஃப்ட் எக்ஸ்ட்4 போன்ற லினக்ஸ் வடிவத்தைத்தான் ஏற்கும்.

புதுப்பிப்புகள் விண்டோஸ் போல நடுவில் மறுதுவக்கம் செய்து உங்களைக் காக்க வைக்காது. கெர்னல் (லினக்சின் மையப் பகுதி) புதுப்பிப்புக்குப் பிறகு வைஃபையோ ஒலியோ போய்விட்டால், துவங்கும்போது எஸ்கேப்பைத் தட்டி, பழைய பயாஸ் என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடித்து, வரும் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்சில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அது அப்படியே காத்துக்கொண்டிருக்கும்.

செயலி நிறுவும்போது ஒரே பெயரில் இரண்டு வகை காட்டினால், சிஸ்டம் பேக்கேஜ் என்று இருப்பதை எடுங்கள். ஃப்ளாட்பேக் நல்லதுதான், ஆனால் முதல் செயலியோடு அதன் அடித்தளமும் சேர்ந்து நூற்றுக்கணக்கான எம்பி இறங்கும். சரிபார்க்கப்படாத ஃப்ளாட்பேக்குகளை மின்ட் 22 இயல்பாக மறைத்தே வைக்கிறது. நல்ல முடிவு.

யாருக்கு வேண்டாம்

டாலியில் கணக்கெழுதும் வீட்டுக்கு மின்ட் மட்டும் போதாது. டாலிக்கு லினக்ஸ் பதிப்பு இல்லை. விண்டோஸ் செயலிகளை லினக்சில் ஓட்டும் ஒயின் என்ற மென்பொருளில் ஓட்டிப் பார்க்கலாம், ஆனால் வருடக் கணக்கை அதன் மேல் ஏற்றக் கூடாது. ஜிஎஸ்டிக்கோ டெண்டருக்கோ டிஜிட்டல் கையொப்ப டோக்கன் செருகுபவர்கள், அது மின்ட்டில் உண்மையிலேயே ஒரு கோப்பில் கையொப்பமிடுகிறதா என்று பார்த்த பிறகே விண்டோசை எடுக்க வேண்டும். வங்கி, ரயில் முன்பதிவு, ஆன்லைன் வகுப்பு எல்லாம் பிரவுசரில் நடப்பவை. அவற்றில் வித்தியாசமே தெரியாது.

பேஜ்மேக்கர், கோரல்டிராவில் பத்திரிகை அடிக்கும் டிடிபிக்காரர்களுக்கும் இது இடம் அல்ல. ஆனால் ஒரு சங்க மலரோ பள்ளி இதழோ போடுகிறவர்கள் ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளைப் பார்க்கலாம். 1.4 வரிசை வரை அதில் தமிழ் உடைந்து விழும்; கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 2024 தொடக்கத்தில் வந்த 1.6-இல் தமிழ் ஒழுங்காக அமர்கிறது. பழைய புத்தகப் பக்கத்தை யூனிகோடாக்க, படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் டெசராக்டின் தமிழ்த் தொகுப்பும் ஜிஇமேஜ்ரீடரும் நிறுவுங்கள். ஸ்கேன் 300 டிபிஐக்குக் குறையக் கூடாது. கைபேசியில் சாய்வாக எடுத்த படத்தைக் கொடுத்தால் ழகரமும் மகரமும் இடம் மாறி வரும்.

இன்னும் தயக்கம் இருந்தால் ஒரே எஸ்எஸ்டியில் இரண்டையும் பிரித்துப் போட்டு அல்லாட வேண்டாம். கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்கில் விண்டோஸ் அப்படியே இருக்கிறது. அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மேலே தேதி எழுதி எடுத்து வையுங்கள். தேவைப்பட்ட நாளில் ஆறு ஸ்குரூ கழற்றி மாட்டினால் (பயாசில் சாட்டா முறையை மாற்றியிருந்தால் அதையும் பழையபடி வைத்தால்) விட்ட இடத்திலிருந்தே துவங்கும். ஆறு மாதம் கழித்தும் அந்த டப்பாவைத் திறக்கவில்லையென்றால், 2.5 அங்குல யூஎஸ்பி உறை ஒன்று வாங்கி அதற்குள் மாட்டி, எக்ஸ்ட்4 ஆக ஃபார்மேட் செய்து, டைம்ஷிஃப்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.